ஊத மாட்டேன் என்று சொன்ன ஆமினா பீவி

பழவேற்காட்டு மருந்தகத்தில் ஆமினா பீவிக்கு ஆயா வேலை. ஊசிகளைக் கொதிக்க வைப்பது, கட்டுத்துணிகளைத் துவைத்து உலர்த்துவது, ஊசியைக் கண்டதும் ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்துத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொள்வது. கடைசி வேலையில்தான் அவளுக்குப் பேர். அவள் பிடியிலிருந்து தப்பிய பிள்ளை ஊரில் கிடையாது என்று நர்ஸம்மா சொல்வாள். ஆமினா பீவி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டில் பொன்னேரியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. போக வேண்டிய நர்ஸம்மா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்ததால் ஆமினா பீவியை அனுப்பினார்கள். பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது, போலியோ சொட்டு மருந்து என்று போய்க்கொண்டிருந்த வகுப்பின் கடைசி நாளில் ஒரு டாக்டரம்மா ரப்பர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினாள். தண்ணீரில் விழுந்து மூச்சு நின்ற குழந்தைக்கு என்ன செய்வது என்று காட்டினாள். மல்லாத்திக் கிடத்து. வாயில் சேறோ பாசியோ இருந்தால் விரலால் எடு. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கு. சின்னக் குழந்தை என்றால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து உன் வாயால் மூடி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊது. நெஞ்சுத் துடிப்பும் இல்லையென்றால் நடு நெஞ்சில் விரலை வைத்து அமுக்கு. நடுவில் விட்டுவிடாதே.

ஆமினா பீவி ஊதியபோது பொம்மையின் நெஞ்சு பலூன் மாதிரிப் புடைத்தது. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, மெதுவா, இது விறகு அடுப்பு இல்லை என்றாள்.

பசியாவரத்துக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டது. ஆனால் அப்படி ஒரு தேவை தங்களுக்கு இருக்கிறது என்று பசியாவரம் நினைக்கவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு அது. ஆண்கள் விடியும் முன்னே வலைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு படகேறிப் பழவேற்காட்டுச் சந்தைக்கு வந்துவிடுவார்கள். தவழுகிற பிள்ளையை, பால்பல் விழாத அக்காக்காரி பார்த்துக்கொள்வாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

ஏரியைப் பற்றிய பயம் அங்கே யாருக்கும் இல்லை, அதில் நியாயமும் உண்டு. கரையோரத்தில் ஏரி முழங்காலுக்கு மேல் வராது. பிள்ளைகளைக் கொண்டுபோனது குடிதண்ணீர்தான். மணலில் ஆள் இடுப்பளவு குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்கு ஊத்து என்று பெயர். வீட்டுக்கு ஒன்று, சில வீட்டுக்கு இரண்டு. பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். குழி அப்படியே திறந்து கிடக்கும். நிழலைப் பார்க்கக் குனிகிற பிள்ளை தலைகுப்புற உள்ளே போகும். ஈர மணல் சத்தம் காட்டாது.

எடுத்த பிள்ளையைக் கால் இரண்டையும் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றுவார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தால் உயிர் வரும் என்பது கணக்கு. தண்ணீர் வரும். பல தடவை தண்ணீர் மட்டும் வரும்.

ஆமினா பீவி தடுப்பூசிப் பெட்டியோடு போகும்போதெல்லாம் சுற்றாதீர்கள், ஊதுங்கள், ஊத்தை மூடி வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். ஊர்த் தலைவர் சின்னதம்பி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எங்க புள்ளைங்க தண்ணியிலயே பொறந்ததுங்க பீவிம்மா, அதுங்களுக்குப் போயி தண்ணிப் பாடமா என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஆமினா பீவியும் கொஞ்சம் சிரித்தாள். அடுத்த முறையும் சொன்னாள்.

எழுபத்தொன்பதில் ஒரு தடுப்பூசி நாளில் தேவகியின் மகன் ஊசிக்குப் பயந்து ஓடினான். ஆமினா பீவியின் பிடியிலிருந்து தப்பிய முதல் பிள்ளை அவன்தான். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளியப் போனவன் ஊத்தில் விழுந்தான். அவனை எடுத்து யாரோ இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். ஆமினா பீவி ஓடிப்போய்ப் பிடுங்கி, மணலில் கிடத்தி, வாயிலிருந்த மண்ணை வழித்துவிட்டு ஊதினாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. ஊதினாள், அமுக்கினாள், மறுபடி ஊதினாள். பையன் கடைசியில் அவள் முகத்திலேயே வாந்தி எடுத்துவிட்டு அழுதான்.

இனி இவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே நினைத்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் வெளியே பெண்கள் பிள்ளைகளோடு நிற்பார்கள். துலுக்கர் வீட்டுப் பிள்ளை, மீனவர் வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் அந்த வரிசையில் இல்லை. பால் குடிக்காத பிள்ளை, பயந்த பிள்ளை, ஓயாமல் அழுகிற பிள்ளை. இமாம் கலந்தர் ஹஜ்ரத் ஓதி, பிள்ளையின் உச்சியில் ஊதி அனுப்புவார். சொம்புத் தண்ணீரிலும் ஊதித் தருவார். பசியாவரத்துப் பெண்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த காரியம் அது. அதனால் ஒரு பீவி, மூச்சில்லாத பிள்ளையின் வாயில் ஊதினாள், பிள்ளை எழுந்தது என்றால் அதற்கு அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தான் ஒன்றும் ஓதவில்லை என்று ஆமினா பீவி சொல்லிப் பார்த்தாள்.

"மனசுக்குள்ள ஓதிக்கினீங்க பீவிம்மா," என்றாள் தேவகி. "நான் பாத்துக்கினுதான் இருந்தேன். உதடு அசைஞ்சுது."

"என் உதடு உம் மவன் வாயில இருந்துது. நீ எங்கடி பாத்த?"

தேவகி மறுநாள் ஒரு கூடை நண்டு அனுப்பினாள்.

அதிலிருந்து மீன் வரத் தொடங்கியது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், காணிக்கை வாங்காத பீவி என்று பேர் இன்னும் கூடியது. வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் புருஷன் அப்துல் ஷுக்கூருக்குச் சந்தைக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை. அவர் நல்ல மனிதர், இறால் பிரியர். இதில் மார்க்கத்துக்கு விரோதமாக எதுவும் இல்லையே என்று ஒரு நாள் தொக்கைத் தொட்டுக்கொண்டே சொன்னார். ஆமினா பீவி, இருக்கு, நான் ஓதாததை ஓதினதா நம்புறாங்க என்றாள். அவர் யோசித்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

கையால் செய்து பழகினால் தெரியும் என்று ஆமினா பீவி பொம்மை ஒன்று தைத்தாள். பழைய தலையணை உறை, உள்ளே கந்தல், நெஞ்சுக்கு ஒரு பந்து பிளாடர், அதன் குழாய் வாயில் வந்து முடியும். கண் வைத்த உருவம் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஷுக்கூர் சொன்னதால் கண் வைக்கவில்லை. வாய் மட்டும் வைத்தாள். பசியாவரத்துக்குப் போன மூன்றாம் வாரம் பொம்மைக்கு மையால் இரண்டு கண்களும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வந்திருந்தன. யார் போட்டது என்று கேட்டாள். கண்ணில்லாத புள்ளைய எப்படிப் பாக்கறது என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆனால் ஊதக் கற்றுக்கொண்டார்கள். அதிலும் லோகநாயகி, தேவகியின் ஓரகத்தி, மீன் ஏலத்தில் கூவிக் கூவி நெஞ்சு பலத்தவள், நாலு தடவையில் படித்துவிட்டாள். பிளாடர் வெடிக்கும் என்று அவளை மட்டும் அடக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் லோகநாயகி பொம்மையின் வாயைத் துடைத்துக் கையில் கொடுத்து, நல்ல வெளையாட்டுதான் பீவிம்மா, நெஜமா ஒண்ணுன்னா உங்ககிட்டதான ஓடியாரப் போறோம் என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எண்பத்தொன்றில் ஐப்பசி மழையில் அப்படியே ஓடிவந்தார்கள். குணசுந்தரியின் மகள், நடக்கக் கற்றுக்கொண்டிருந்த பெண். எதிர்க்காற்று. கோல் ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்து, ஈரச் சேலையில் சுற்றிய பிள்ளையை ஆமினா பீவியின் வாசலில் கிடத்தினார்கள். தொட்ட உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஊதினாள். நர்ஸம்மா வந்து கையைப் பிடித்து நிறுத்துகிறவரை ஊதினாள்.

ஏன் கரையிலேயே யாரும் ஊதவில்லை என்று அப்புறம்தான் கேட்டாள்.

குணசுந்தரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கேள்வியே புரியாதது போல.

"நாங்க ஊதினா இன்னா வரும் பீவிம்மா? வெறும் காத்துதான வரும்."

யாரும் கோபப்படவில்லை. நீங்க ஊதிட்டீங்க, அதுக்கு மேல யாரு இன்னா பண்றது என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே படகில் திரும்பிப் போனார்கள். பத்து நாள் கழித்து, வழக்கம் போல ஒரு கூடை மீனும் வந்தது. அன்றைக்கு அதை ஆமினா பீவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஷுக்கூர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

படகு வருகிற நேரத்துக்குப் பிள்ளை தாங்காது. இவர்கள் தன்னிடம் வரும்வரை பிள்ளைகள் படகிலேயே போய்க்கொண்டிருக்கும். தன் மூச்சில் ஒன்றுமில்லை என்று இவர்களை நம்ப வைக்க வேண்டும், அல்லது தன்னிடம் வராமல் செய்ய வேண்டும். ஆமினா பீவி முதலில் முதல் வழியைப் பார்த்தாள். நேரே கலந்தர் ஹஜ்ரத்திடம் போய், பசியாவரத்துக்கு வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

கலந்தர் ஹஜ்ரத்துக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. கொஞ்ச காலமாகப் பசியாவரத்துப் பிள்ளைகள் பள்ளிவாசல் வரிசையில் குறைந்திருப்பதை அவரும் கவனித்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு படகேறி வந்து, ஊரைக் கூட்டி, இந்த அம்மா மூச்சில் ஒன்றும் கிடையாது, சாதாரண மூச்சு, இவருக்குக் குர்ஆனில் நாலு சூரா ஒழுங்காக ஓதத் தெரியாது என்று விளக்கமாகச் சொன்னார். தேவைக்கு மேலேயே விளக்கினார். ஆமினா பீவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துப் படகேற்றிவிட்டு ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: ஹஜ்ரத்துக்குப் பொறாமை.

மிச்சம் இருந்தது இரண்டாவது வழி. அடுத்த ஊர்க்கூட்டம் அம்மன் கோயில் வாசலில் நடந்தபோது ஆமினா பீவி படகேறிப் போய் ஓரமாக உட்கார்ந்தாள். வலைத் தகராறுகள் பேசி முடிகிறவரை காத்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இனிமே எந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தாலும் நான் ஊத மாட்டேன். என் வாசல்ல கொண்டாந்து போட்டாலும் ஊத மாட்டேன்."

சின்னதம்பி துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா பீவிம்மா, யார்னா ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஊத மாட்டேன், அவ்வளவுதான். நீங்க உங்க கரையிலயே ஊதிக்கணும். அதுக்கு ஊர்க்கட்டுப் போடுங்க."

நம்பிக்கை பற்றிப் பேசியிருந்தால் சின்னதம்பி பேச்சை மாற்றியிருப்பார். ஊர்க்கட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பசியாவரம் ஊர்க்கட்டில் வாழ்கிற ஊர். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். முறை தவறினவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அவன் வலை அந்தச் சுற்றில் நனையாது. அது சரியா தப்பா என்று யாரும் யோசித்ததில்லை. கட்டு என்றால் கட்டு.

அன்றைக்கு வெயில் சாய்கிறவரை பேசினார்கள். தண்ணீரில் விழுந்த பிள்ளையை எடுத்தவர் யாரோ அவர் அங்கேயே கிடத்தி ஊத வேண்டும். சுற்றக் கூடாது. ஊதாத பிள்ளையைப் படகில் ஏற்றக் கூடாது. மூச்சு வராமல் படகேற்றினால் படகிலும் ஊதிக்கொண்டே போக வேண்டும். மூச்சு வந்த பிள்ளையைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மீறின வீட்டுக்கு ஒரு சுற்றுப் பாடு இல்லை. ஊத்தை மூடுவதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. பழைய வலையைப் போட்டு மூடலாம் என்று ஆண்கள் சொன்னார்கள். குடிதண்ணீரில் மீன் கவுச்சி அடிக்கும் என்று பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மூங்கில் விளிம்பு கட்டிய பனை ஓலைத் தட்டி என்று முடிவாயிற்று.

எல்லாம் முடிந்து எழும்போது லோகநாயகியின் புருஷன் நீலமேகம், ஊதியும் வரலன்னா இன்னா பண்றது என்று கேட்டான்.

"ஊதினியா இல்லியான்னுதான் ஊரு கேக்கும்," என்றார் சின்னதம்பி. "வந்துச்சா இல்லியான்னு கேக்காது. அது உன் கையில இல்ல."

ஆமினா பீவியின் பேர் அன்றோடு கெட்டது. ரெண்டு புள்ளைய ஊதிட்டு டாக்டராயிட்டா என்று லோகநாயகி சந்தையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள். பீவிம்மா என்பது பீவி ஆகி, நீங்க என்பது நீ ஆகியது. மீன் நின்றது. ஷுக்கூர் சில வாரம் வாசலைப் பார்த்தார். பிறகு காசு கொடுத்து வாங்கி வந்தார், சின்ன இறாலாக. ஒரு நாள் கேட்டார்.

"ஆமினா, நெசமாவே கொண்டாந்துட்டா என்ன செய்வே?"

"ஊதுவேன்."

"அப்ப அங்க சொன்னது?"

"பொய்தான். நீங்க கடையில உக்காந்து யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

அவர் சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயத்தில் நம்பலாம்.

எண்பத்துமூன்று சித்திரையில் ஒரு முற்பகல், ஆமினா பீவி மருந்தகத்துக் கொல்லையில் கட்டுத்துணி பிழிந்துகொண்டிருந்தாள். பசியாவரத்துப் படகு வேகமாக வருகிறது, உள்ளே பெண்கள் நிற்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வேகமாக வருகிற படகில் எவரும் நிற்க மாட்டார்கள். அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு, ஓடிப் பழக்கம் இல்லை. துப்பட்டி தோளிலிருந்து நழுவியதைப் பிடிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் சொன்னது, ஊர்க்கட்டு, எதுவும் அப்போது நினைவில் இல்லை. கரைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. இந்த மூச்சை வைத்துக்கொண்டு எப்படி ஊதுவது என்றுதான் ஒரே கவலை.

படகு மணலில் முட்டியது. லோகநாயகி இறங்கினாள். இடுப்பில் அவள் கடைசிப் பையன். தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான்.

ஆமினா பீவி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு ஓடியார?" என்றாள் லோகநாயகி. "ஊதவா? நீதான் ஊத மாட்டேன்னவளாச்சே."

நடந்ததை அவள் திட்டாகவே சொன்னாள், அதனால் வரிசையாக வரவில்லை. ஊத்தின் தட்டி நல்ல தட்டி. அதில் சென்னாங்குன்னிப் பொடி இறாலைக் காயப் போட்டால் சீக்கிரம் காய்கிறது. அதை எடுத்துப்போய் வெயிலில் வைத்திருந்தாள். பையன் விழுந்தான். எடுத்தபோது உதடு நீலம். நீலமேகம் படகைத் தள்ளு, பீவிகிட்டப் போவலாம் என்று கத்தினான்.

"போயி இன்னா பண்றது, அவ வாசல்ல வேடிக்க பாத்துக்கினு நிப்பான்னு சொன்னேன். அந்தக் கோவத்துலயே ஊதினேன். ஒவ்வொரு ஊதுக்கும் உன்னத் திட்டினேன். உன் மூச்ச நீயே வெச்சுக்க பீவி. எனக்கு ஒண்ணும் தேவயில்ல."

"தலையச் சாய்ச்சியா?"

"சாய்க்காம? மோவாயத் தூக்கித்தான் ஊதினேன். நான் இன்னா தெரியாதவளா?"

"முதல்ல சுத்தினீங்களா?"

"அவரு காலப் புடிச்சாரு. கைமேல ஒண்ணு வெச்சேன், விட்டுட்டாரு."

ஆமினா பீவி எழுந்து பையனின் முதுகில் காதை வைத்தாள். உள்ளே கொழகொழ என்று சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸில் பொன்னேரிக்குப் போக வேண்டும் என்றாள். நல்லாத்தான கீறான், நர்ஸம்மாகிட்ட காட்டிட்டுப் போவத்தான் வந்தோம் என்றாள் லோகநாயகி. இப்போது அப்படித்தான் தெரியும், உள்ளே போன தண்ணீர் சாயங்காலம் வேலையைக் காட்டும் என்று ஆமினா பீவி சொன்னாள். படகிலிருந்த நீலமேகம், ஊர்க்கட்டும் அப்படித்தான சொல்லுது என்றான். லோகநாயகி பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் மடியிலிருந்த துணிப்பையை வைத்துவிட்டாள். ஆமினா பீவி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து வந்தாள். நீலமேகம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான். பையன் தூங்கிவிட்டான். அவன் தூங்கத்தான் செய்கிறானா என்று ஆமினா பீவி பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததை லோகநாயகி கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், சளி கட்டியிருக்கு, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். கரையில் யார் மூச்சுக் கொடுத்தது என்று கேட்டார். ஆமினா பீவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சார்," என்றாள் லோகநாயகி.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்க ஊர்க்கட்டு சார்."

டாக்டர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ தெரியாது.

பொழுது சாய்வதற்குள் வார்டில் இருந்த தாய்மாருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக்குளத்திலிருந்து வயிற்றுப்போக்குக்காகப் பிள்ளையைக் கொண்டுவந்திருந்த ஒருத்தி, தங்கள் ஊரிலும் இப்படி ஆவதுண்டு, எப்படிச் செய்வது என்று கேட்டாள். லோகநாயகி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை மடியில் கிடத்திக் காட்டினாள். மல்லாத்திப் போடு, வாயில் கை விட்டுப் பார், தலையைச் சாய், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடு. இரண்டு மூன்று பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஆமினா பீவி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்பால நல்லா பலமா ஊதணும்," என்றாள் லோகநாயகி. "யார்மேலயாவது கோவம் இருந்தா நெனச்சிக்கோ, இன்னும் நல்லா வரும்."

"பலமா ஊதக் கூடாது," என்றாள் ஆமினா பீவி. "மெதுவா. நெஞ்சு எழும்பினா போதும்."

"நீ சும்மா இரு பீவி. ஊதாதவளுக்கு இன்னா தெரியும்?"

சுண்ணாம்புக்குளத்துக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆமினா பீவி அவளைப் பார்த்து இன்னொரு தடவை மெதுவா என்றாள்.

லோகநாயகி தலையணையைத் தட்டிச் சரி செய்தாள்.

"சரி, மெதுவா," என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆமினா பீவி நீலமேகத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னாள்.